தொழ வந்தால் இலவசம், பார்க்க வந்தால் 25 யூரோ: புகழ்பெற்ற வழிபாட்டுத் தலங்களில் டிக்கெட் எப்படி வந்தது?

நான்கு நாள் லீவு. ஒரு வெளிநாட்டு நகரம். போக வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். இஸ்தான்புல் என்றால் ஹாகியா சோபியா, பாரிஸ் என்றால் நோத்ர தாம், ரோம் என்றால் புனித பேதுரு பேராலயம், பார்சிலோனா என்றால் சக்ராடா ஃபமிலியா, பாங்காக் என்றால் மரகத புத்தர். பக்தி இருக்கோ இல்லையோ, சிட்டி டிரிப்பில் முதல் நாளே நாம் போய் நிற்பது ஏதோ ஒரு தேவாலயத்தின், மசூதியின் அல்லது கோயிலின் வாசலில்தான்.

குழப்பமும் அந்த வாசலில்தான் ஆரம்பிக்கிறது. நோத்ர தாமில் நுழைய ஒரு பைசா வேண்டாம். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபேவில் சுமார் 30 பவுண்ட். நம்ம காசுக்கு ஏறக்குறைய 3,500 ரூபாய். ஹாகியா சோபியாவில் துருக்கியர்கள் இலவசமாகத் தொழப் போகிறார்கள், வெளிநாட்டுப் பயணி 25 யூரோ கட்டி வேறு வாசல் வழியாகப் போகிறார். இலவச தரிசனம், சிறப்பு தரிசனம் என்று இரண்டு வரிசைகளைப் பார்த்துப் பழகிய நமக்கே இது கொஞ்சம் தலைசுற்றும்.

"சாமி கும்பிடுற இடத்துக்கு எதுக்குங்க காசு?" என்பது ஒரு கேள்வி. "காசு வாங்கலைன்னா ஆயிரம் வருஷக் கட்டடத்தை யார் பார்த்துக்கிறது?" என்பது இன்னொரு கேள்வி. இரண்டுமே நியாயமானவைதான். ஒவ்வொரு நகரமும் இதற்கு ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. அந்தக் கட்டடம் யாருக்குச் சொந்தம், செலவு யாருடையது, யாரை 'பக்தர்' என்று கணக்கில் எடுக்கிறார்கள் என்ற மூன்று விஷயங்களைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் புரிந்துவிடும்.

பாரிஸ்: காசு கேட்கச் சட்டத்திலேயே இடமில்லை

2019 ஏப்ரல் 15 அன்று நோத்ர தாம் பேராலயத்தின் கூரை பற்றி எரிந்ததை உலகமே நேரலையில் பார்த்தது. சீரமைப்புக்காக 80 கோடி யூரோவுக்கும் மேல் நன்கொடை குவிந்தது. ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, 2024 டிசம்பரில் பேராலயம் மறுபடி திறக்கப்பட்டது.

திறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு சர்ச்சை வெடித்தது. அப்போதைய பிரெஞ்சு கலாச்சார அமைச்சர் ரஷிதா தாத்தி, சுற்றுலாப் பயணிகளிடம் 5 யூரோ வாங்கலாம் என்று யோசனை சொன்னார். ஆண்டுக்கு 7.5 கோடி யூரோ கிடைக்கும், அதை வைத்து பிரான்ஸ் முழுவதும் இடிந்துகொண்டிருக்கும் தேவாலயங்களைக் காப்பாற்றலாம் என்பது அவரது கணக்கு. பாரிஸில் ஒரு கப் காபிக்கும் ஒரு க்ரொசான்ட்டுக்கும் ஆகிற காசுதான்.

பாரிஸ் மறைமாவட்டம் முடியாது என்றது. அதன் வாதம் எளிமையானது: இங்கே திருப்பலி நடக்கும்போதே பயணிகள் சுற்றிப் பார்க்கிறார்கள், பயணிகள் சுற்றும்போதே சிலர் ஜெபிக்கிறார்கள். இவர் யாத்திரிகர், இவர் டூரிஸ்ட் என்று வாசலில் எப்படிப் பிரிப்பது?

இதற்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கிறது. அரசையும் மதத்தையும் பிரித்த 1905-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, நோத்ர தாம் கட்டடம் பிரெஞ்சு அரசுக்குச் சொந்தம். அதை வழிபாட்டுக்குப் பயன்படுத்தும் உரிமை திருச்சபைக்கு. பொது வழிபாட்டு இடங்களைப் பார்வையிடக் கட்டணம் கூடாது என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே இன்றும் உள்ளே போவது இலவசம். கோபுரம் ஏறவும், பொக்கிஷ அறையைப் பார்க்கவும் மட்டும் தனி டிக்கெட். மதச்சார்பின்மையில் கறாரான ஒரு நாட்டில், தேவாலயக் கதவைத் திறந்தே வைத்திருப்பது மதச்சார்பின்மைச் சட்டம்தான்!

லண்டன்: வழிபாடு இலவசம், சுற்றிப் பார்க்கக் கட்டணம்

ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினால் கதையே வேறு. வெஸ்ட்மின்ஸ்டர் அபே 1066 முதல் மன்னர்கள் முடிசூடும் இடம். 2023 மே மாதம் மூன்றாம் சார்லஸுக்கு முடிசூட்டியதும் இங்கேதான். நியூட்டனும் டார்வினும் இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஸ்டீபன் ஹாக்கிங்கின் அஸ்தியும் இங்கேதான் இருக்கிறது. இவ்வளவு 'அரசாங்க' அந்தஸ்து இருந்தும் அரண்மனை, அரசு, திருச்சபைத் தலைமை என யாரிடமிருந்தும் அபேவுக்கு வழக்கமான நிதி வருவதில்லை. பயணிகள் கட்டும் டிக்கெட்தான் அதன் முக்கியமான வருமானம்.

இதில் ஒரு கோடு தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். சுற்றிப் பார்க்க வந்தால் காசு. வழிபட வந்தால் காசு இல்லை. ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாவே கிடையாது, அன்று வழிபாடு மட்டும். வாரத்தில் பல மாலைகளில் 'ஈவன்சாங்' எனும் பாடல் வழிபாடு நடக்கும். பாடகர் குழு பாடும், வேத வாசகம் படிப்பார்கள். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் கல்லறைகளைத் தேடிச் சுற்றவோ போட்டோ எடுக்கவோ முடியாது.

பார்சிலோனா: டிக்கெட்தான் செங்கல்

சக்ராடா ஃபமிலியாவுக்கு 1882-ல் அடிக்கல் நாட்டினார்கள். மறுவருடம் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடி, 1926-ல் டிராம் மோதி இறக்கும் வரை அதைக் கட்டிக்கொண்டே இருந்தார். வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. 2025 அக்டோபரில் அதன் மையக் கோபுரம் ஜெர்மனியின் உல்ம் தேவாலயத்தை உயரத்தில் முந்தியது. இன்று உலகின் உயரமான தேவாலயம் இதுதான்.

இது 'பரிகார ஆலயம்' என்ற வகையைச் சேர்ந்தது. அதாவது மன்னர் பணத்திலோ அரசுப் பணத்திலோ கட்டாமல், மக்கள் காணிக்கையில் மட்டும் கட்ட வேண்டும் என்பது ஆரம்பத்திலேயே எடுத்த முடிவு. காலப்போக்கில் காணிக்கை உண்டியலின் இடத்தை டிக்கெட் கவுன்ட்டர் பிடித்துவிட்டது. ஆண்டுக்கு 45 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். அடிப்படை டிக்கெட்டே 26 யூரோ அளவில் இருக்கிறது. அந்தப் பணம்தான் கல்லாகவும் கண்ணாடியாகவும் மேலே ஏறுகிறது.

ஒரு சுவாரசியம்: நூறாண்டுகளுக்கும் மேலாக முறையான கட்டட அனுமதி இல்லாமலேயே இது எழும்பிக்கொண்டிருந்தது. கடைசியில் நகராட்சிக்கு 10 ஆண்டுகளில் 3.6 கோடி யூரோ தருவதாக 2018-ல் ஒப்பந்தம் போட்டார்கள். அனுமதி 2019-ல் வந்தது.

சரி, தொழ வருபவர்களுக்கு? ஞாயிறு காலை 9 மணிக்குப் பன்னாட்டுத் திருப்பலி நடக்கிறது. டிக்கெட் வேண்டாம். ஆனால் இடம் குறைவு. முன்னாடியே போய் வரிசையில் நின்றால்தான் வாய்ப்பு.

ரோம்: ஒரே ஊரில் மூன்று விதி

ரோமில் இந்தக் குழப்பத்தின் எல்லா வகையும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. புனித பேதுரு பேராலயத்துக்குள் போக இலவசம். செக்யூரிட்டி வரிசை மட்டும் நீளும். குவிமாடம் ஏறக் காசு. மைக்கேலாஞ்சலோவின் ஓவியங்கள் உள்ள சிஸ்டைன் சிற்றாலயம் பக்கத்திலேயே இருந்தாலும், அது வத்திக்கான் அருங்காட்சியகத்தின் டிக்கெட்டுக்குள் வருகிறது. "பேராலயத்துக்குள்ளதானே இருக்கும், அப்படியே பார்த்துடலாம்" என்று போய் ஏமாறுபவர்கள் நிறைய. இரண்டுக்கும் வாசல் வேறு, வரிசை வேறு.

அந்தச் சிஸ்டைன் சிற்றாலயமும் வெறும் ஓவியக்கூடம் கிடையாது. 2025 மே மாதம் புதிய போப்பைத் தேர்ந்தெடுக்க கர்தினால்கள் கூடியபோது, பயணிகளுக்கு அது மூடப்பட்டது. எவ்வளவு முன்னாடி புக் செய்திருந்தாலும் சரி, வழிபாடு வந்தால் சுற்றுலா ஒதுங்க வேண்டியதுதான்.

மூன்றாவது, பாந்தியன். கி.பி. 2-ம் நூற்றாண்டில் ரோமானியக் கோயிலாக எழுந்து, 609-ல் தேவாலயமான கட்டடம். 2023 ஜூலையில் முதன்முறையாக இங்கே 5 யூரோ கட்டணம் வந்தது. வருமானத்தில் 70 சதவீதம் இத்தாலியக் கலாச்சார அமைச்சகத்துக்கு, 30 சதவீதம் ரோம் மறைமாவட்டத்துக்கு என்று ஒப்பந்தம். ரோம் நகரவாசிகளுக்கும் திருப்பலிக்கு வருபவர்களுக்கும் கட்டணம் இல்லை. ஊர்க்காரர் ஒருவர் ஆபீஸ் போகிற வழியில் இரண்டு நிமிடம் உள்ளே வந்து நின்றுவிட்டுப் போக வேண்டுமென்றால், அதற்கு டிக்கெட் குறுக்கே வரக் கூடாது என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

இஸ்தான்புல்: கீழே தொழுகை, மேலே சுற்றுலா

டிக்கெட் என்பது வெறும் பண விஷயம் இல்லை என்பது பளிச்சென்று தெரிகிற இடம் ஹாகியா சோபியா.

பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் 537-ல் கட்டி முடித்த தேவாலயம் இது. சுமார் 31 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம், தரையிலிருந்து சுமார் 55 மீட்டர் உயரத்தில் மிதப்பது போல நிற்கும். 1453-ல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் நகரைக் கைப்பற்றியதும் மசூதியானது. துருக்கிக் குடியரசு 1934-ல் எடுத்த முடிவின்படி, அடுத்த ஆண்டு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதன் பிறகு 85 ஆண்டுகள் யாருக்கும் அது வழிபாட்டுத் தலம் இல்லை. டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் பொதுவான இடம்.

2020 ஜூலை 10 அன்று துருக்கியின் உயர் நிர்வாக நீதிமன்றம் அந்தப் பழைய முடிவை ரத்து செய்தது. அன்றே அதிபர் எர்துவான் அதை மசூதியாக அறிவித்தார். ஜூலை 24 அன்று முதல் வெள்ளிக்கிழமைத் தொழுகை நடந்தது. துருக்கியில் பலருக்கு அது நெடுநாள் கனவு. மரபுவழிக் கிறிஸ்தவர்கள் பலருக்கு அது வலி. யுனெஸ்கோவும் கவலை தெரிவித்தது.

மசூதி ஆனதும் டிக்கெட் போனது. எல்லோருக்கும் இலவசம். ஆனால் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. தொழ வருபவரும் செல்ஃபி எடுக்க வருபவரும் ஒரே கம்பளத்தில் நெருக்கியடித்தார்கள். 2022-ல் பழமையான 'பேரரசர் வாசல்' மரக்கதவு சேதப்படுத்தப்பட்ட செய்தி பெரும் விவாதமானது.

2024 ஜனவரி 15 முதல் புது ஏற்பாடு. தரைத்தளம் தொழுகைக்கு மட்டும், கட்டணம் இல்லை, அது சமய விவகாரத் துறையின் பொறுப்பு. வெளிநாட்டுப் பயணிகளுக்கு மேல்மாடம் மட்டும், தனி வாசல், கட்டணம் 25 யூரோ. இது கலாச்சார, சுற்றுலா அமைச்சகத்தின் பக்கம். நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் 10,000 ரூபாய் போய்விடும்.

இதில் லாபம் என்ன? தொழுபவர்களுக்கு அமைதி கிடைத்தது. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. புகழ்பெற்ற 'தெயிசிஸ்' மொசைக் மேல்மாடத்தில்தான் இருக்கிறது. கிறிஸ்து, மரியாள், திருமுழுக்கு யோவான் மூவரும் உள்ள அந்த 13-ம் நூற்றாண்டு ஓவியத்தை நிதானமாக நின்று பார்க்கலாம்.

நஷ்டம் என்ன? பயணியால் அந்தக் குவிமாடத்துக்கு நேர் கீழே நிற்க முடியாது. அண்ணாந்து பார்க்கும்போது மனிதன் எவ்வளவு சின்னவன் என்று தோன்ற வேண்டும் என்பதற்காகவே கட்டிய கட்டடம் அது. இப்போது அதை மாடியின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் நடக்கிறது: கீழே தொழுபவர்களை மேலிருந்து ஒரு கூட்டம் போனில் படம் பிடிக்கிறது. இரு தரப்பையும் பிரித்து வைக்க வந்த ஏற்பாடு, தொழுபவரையே காட்சிப் பொருளாக்குகிற அபாயமும் அதில் இருக்கிறது.

எதிரே, ஐந்து நிமிட நடையில் சுல்தான் அகமது மசூதி. நாம் 'நீல மசூதி' என்று சொல்வது இதைத்தான். அங்கே யாருக்கும் கட்டணம் இல்லை. பணத்துக்குப் பதில் நேரத்தைப் பிரித்திருக்கிறார்கள். ஐந்து வேளைத் தொழுகையின்போது பயணிகள் வெளியே காத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடியும் வரை உள்ளே போக முடியாது. ஒரே சதுக்கத்தில் ஒரே பிரச்சினைக்கு இரண்டு தீர்வுகள்.

பாங்காக்: பாஸ்போர்ட்டைப் பார்த்து விலை

நம்மவர்கள் அதிகம் போகிற பாங்காக்கில் கோடு இன்னும் நேரடியானது. மரகத புத்தர் இருக்கும் வாட் ப்ரா கேவ், அரண்மனை வளாகத்துக்குள் இருக்கிறது. தாய்லாந்துக்காரர்களுக்கு இலவசம், வெளிநாட்டவருக்கு 500 பாட். 46 மீட்டர் நீளச் சயன புத்தர் இருக்கும் வாட் போவில் 300 பாட், வாட் அருணில் 200 பாட்.

இங்கே சிக்கல் என்னவென்றால், இலங்கையிலிருந்தோ மியான்மரிலிருந்தோ வரும் பௌத்தரும் கணக்கில் 'வெளிநாட்டவர்'தான். பக்தியைப் பார்த்து விலை வைக்க முடியாது, குடியுரிமையைப் பார்த்து வைக்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். நிர்வாகத்துக்குச் சுலபம். பல நூறு மைல் தாண்டி வணங்க வந்தவருக்கு நெருடல்.

அப்படியானால் டிக்கெட் நல்லதா, கெட்டதா?

டிக்கெட் இல்லாவிட்டால் செலவை வேறு யாரோ ஏற்கிறார்கள் என்று அர்த்தம். நோத்ர தாமில் கட்டடத்துக்கு அரசும் நன்கொடையாளர்களும், அன்றாடச் செலவுக்கு மறைமாவட்டமும். அந்த ஆதரவு எல்லாத் தேவாலயத்துக்கும் கிடைப்பதில்லை. பிரான்ஸின் கிராமங்களில் கூரை ஒழுகும் தேவாலயங்களுக்காகத்தான் அந்த 5 யூரோ யோசனையே வந்தது.

டிக்கெட் வந்தால் கட்டடம் பிழைக்கும், கூட்டமும் கட்டுக்குள் வரும். ஆனால் உள்ளே நுழையும் ஆளுக்கு வாசலிலேயே ஒரு பெயர் ஒட்டிவிடுகிறது: நீ பக்தன், நீ பார்வையாளன். ரெண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் இங்கே நிஜமாகவே கஷ்டப்படுகிறவர்கள். வேறு மதத்தில் பிறந்து, அந்த அமைதிக்காகப் பத்து நிமிடம் உட்கார நினைப்பவர். மனசு சரியில்லாத நாளில் கண்ணில் பட்ட கதவைத் தள்ளித் திறப்பவர். வேளாங்கண்ணியிலும் நாகூரிலும் மதம் பார்க்காமல் போய் வந்து பழகிய நம்மில் பலர் இந்த நடுவகைதான். இவர்களுக்கு எந்த நகரத்திலும் தனி வரிசை கிடையாது. பாரிஸ் மறைமாவட்டம் 5 யூரோவை மறுத்தபோது காப்பாற்றியது இவர்களுக்கான இடத்தைத்தான்.

'ஃப்ரீ என்ட்ரி ட்ரிக்' சரியா?

"ஈவன்சாங்குக்கு போங்க, 30 பவுண்ட் மிச்சம்!", "சர்ச்ல மாஸுக்குன்னு சொல்லிட்டு உள்ளே போயிடுங்க!" என்கிற ரீதியிலான ரீல்ஸ் நிறைய சுற்றுகின்றன. இதில் பாதி சரி, பாதி தப்பு.

வழிபாடு எல்லோருக்கும் திறந்தது என்று அவர்களே அழைக்கும்போது, போய் முழு நேரமும் அமைதியாக உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவதில் தவறே இல்லை. சொல்லப்போனால், அந்தக் கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டதோ அதைப் பார்க்கிற ஒரே வழி அதுதான். டிக்கெட் வாங்கினால் கட்டடம் தெரியும்; பாட்டும் ஜெபமும் நடக்கும் நேரத்தில்தான் அதன் உயிர் தெரியும்.

ஆனால் தொழ வந்ததாகச் சொல்லி நுழைந்து, பத்தாவது நிமிடம் போனை எடுத்து நழுவுவது வேறு. இலவச வாசலைத் திறந்து வைத்திருப்பது நம்பிக்கையின் பேரில். அதை ஏமாற்றுபவர்கள் பெருகினால் அந்த வாசலிலும் ஒரு காவலர் வந்து நிற்பார், "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்பார். பாதிக்கப்படப் போவது நிஜமாகவே கும்பிட வருபவர்தான்.

கிளம்பும் முன்…

* எந்த வாசல் என்று முடிவு பண்ணுங்கள். சுற்றிப் பார்க்கவா, வழிபாட்டில் உட்காரவா? இரண்டுக்கும் நேரம், வரிசை, விதி எல்லாமே வேறு. நேரம் இருந்தால் இரண்டையும் தனித்தனியாகச் செய்யலாம்.
* கிழமையைப் பாருங்கள். மசூதிகளுக்கு வெள்ளி மதியம் வேண்டாம். வெஸ்ட்மின்ஸ்டர் அபேவைச் சுற்றிப் பார்க்க ஞாயிறு வேண்டாம். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். புதன் காலை போப்பின் பொதுச் சந்திப்பு இருந்தால் பேதுரு பேராலயத்துக்கு மதியத்துக்கு மேல் போவது நல்லது.
* உடை. தோளும் முழங்காலும் மூடியிருந்தால் ரோம், பாங்காக், இஸ்தான்புல் மூன்றிலும் பிரச்சினை இல்லை. மசூதிகளில் பெண்கள் தலையை மூட ஒரு துப்பட்டா பையில் இருக்கட்டும். சுலபமாகக் கழற்றி மாட்டும் செருப்பு நல்லது.
* டிக்கெட்டை அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள். சக்ராடா ஃபமிலியா, வத்திக்கான் அருங்காட்சியகம் இரண்டிலும் ஸ்லாட் முன்கூட்டியே தீர்ந்துவிடும். நோத்ர தாமுக்கு ஆன்லைன் முன்பதிவு இலவசம், கட்டாயமும் இல்லை. அதற்குக் காசு கேட்டால் அந்தத் தளத்தை மூடிவிடுங்கள்.
* "இன்னிக்கு மூடியிருக்கு" என்று வெளியே யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாங்காக் அரண்மனை வாசலில் ரொம்ப வருடமாக நடக்கும் ஏமாற்று இது. அப்படியே துக்துக்கில் ஏற்றி நகைக் கடைக்குக் கொண்டுபோய் விடுவார்கள். வாசல் வரை நடந்துபோய் நீங்களே பாருங்கள்.
* கட்டணமும் நேரமும் மாறும். மேலே சொன்ன தொகைகளை ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டு, புக் செய்யும் நாளில் ஒருமுறை சரிபாருங்கள். ஹாகியா சோபியாவில் குவிமாடச் சீரமைப்பு வேலையும் நடக்கிறது. உள்ளே சாரம் நின்றால் 25 யூரோவுக்கு என்ன தெரியும் என்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.
* தொழுபவர் முகத்தை குளோசப்பில் எடுக்காதீர்கள். நம்ம வீட்டுப் பெரியவர் கண்ணை மூடிக் கும்பிடும்போது ஒரு வெளியாள் கேமராவை நீட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்தால் போதும்.